சீனம் பேசப் பழக: முதலில் மனிதக் காது, அப்புறம் ஏஐ

என் சித்தி பையன் ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. லாஸ்டிங் லைனில், அதாவது ஷூவின் மேல்பாகத்தைக் கால் வடிவ அச்சில் இழுத்துப் பொருத்தும் பிரிவில், சூப்பர்வைசர். அந்த லைனுக்கு மெஷின் சொல்லிக்கொடுக்க வந்திருக்கும் டெக்னீஷியன்கள் இரண்டு பேரும் சீனாக்காரர்கள். அவர்களுக்கும் ஆங்கிலம் தடுமாற்றம், இவனுக்கும் தடுமாற்றம். போனில் மொழிபெயர்த்துக் காட்டிக் காட்டியே வேலை ஓடுகிறது. போன ஞாயிற்றுக்கிழமை சத்துவாச்சாரியில் எங்கள் வீட்டுக்கு வந்தவன், சாப்பிட்டு முடித்ததும் கேட்டான்: “அக்கா, போன்ல ஏஐகிட்டயே சீனம் பேசிப் பழகிக்கட்டுமா? இல்ல காசு கட்டி டீச்சர்கிட்ட போகட்டுமா?”

நான் ஏற்றுமதி கம்பெனியில் மெர்ச்சண்டைசர், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கும் வேலை. இரண்டு வருடமாகச் சீனம் படிக்கிறேன். அவன் சொன்ன இரண்டு வழியும் எனக்குத் தெரியும், அவன் சொல்லாத வேறு இரண்டு வழிகளும் தெரியும். அன்று சாயங்காலம் முழுக்க அவனிடம் பேசியதைத்தான் இங்கே எழுதுகிறேன், ஏனென்றால் நம் பக்கத்தில் இந்தக் கேள்வி இப்போது நிறையப் பேருக்கு இருக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம் என்று தோலை நம்பிய ஊர்கள் நமக்கு ஏராளம். பசை, கெமிக்கல், மெஷின் ஸ்பேர் என்று சீனாவோடு பேச வேண்டிய வேலை தினமும் வருகிறது. செய்யாறில் தைவானின் ஃபெங் டே குழுமம் பல வருடமாக ஷூ தயாரிக்கிறது. (செய்யாறு இன்று திருவண்ணாமலை மாவட்டம், 1989 வரை அதுவும் வட ஆற்காடுதான்.) பனப்பாக்கம் சிப்காட்டில் இன்னொரு தைவான் கம்பெனியான ஹாங் ஃபூவுக்கு 2024 டிசம்பரில் அடிக்கல் நாட்டினார்கள். சீனம் பேசத் தெரிந்த ஆளுக்கு இங்கே வேலை இருக்கிறது.

முதலில் சென்னை வகுப்பைச் சீக்கிரம் சொல்லி முடித்துவிடுகிறேன். நான் நான்கு மாதம் போனேன். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை காட்பாடியில் ஏலகிரி எக்ஸ்பிரஸ் பிடித்து, வகுப்பு முடித்துத் திரும்பி வீடு சேர இருட்டிவிடும். பதினைந்து பேர் உட்கார்ந்த வகுப்பில், இரண்டு மணி நேரத்தில் நான் வாய் திறந்து பேசியது ஐந்து நிமிடம் இருந்தால் அதிகம். எழுத்து எழுதும் முறை, கோடு போடும் வரிசை இதெல்லாம் அங்கேதான் ஒழுங்காகக் கற்றேன், அதை மறுக்க மாட்டேன். ஆனால் பேசுவதுதான் உங்கள் தேவை என்றால், வேலூரிலிருந்து கிளம்பிப் போகிற அளவுக்கு அதில் பயன் இல்லை.

ஏஐயிடம் பேசுவது

சென்னை வகுப்பை விட்டபின் நான் பிடித்துக்கொண்டது ஏஐயைத்தான். அது கொடுத்த பெரிய விஷயம் ஒன்று உண்டு: கூச்சம் போனது. பிள்ளைகள் தூங்கினபின் ராத்திரி பத்தரை மணிக்கு மொட்டை மாடியில் நடந்துகொண்டே பேசுவேன். ஒரே வாக்கியத்தை முப்பது தடவை சொன்னாலும் எதிரில் யாரும் சலித்துக்கொள்ளவில்லை. புது மொழி பேசுகிறவர்களில் நிறையப் பேர் நின்றுபோவது இந்தக் கூச்சத்தில்தான். சொல் தெரியும், இலக்கணம் தெரியும், வாய் மட்டும் திறக்காது. அந்தப் பூட்டைத் திறக்க ஏஐயைப் போல வேறொன்றை நான் பார்க்கவில்லை.

இரண்டாவது, தமிழிலேயே சந்தேகம் கேட்கலாம். சீனம் சொல்லித்தரும் ஆப்கள் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் சொல்லித்தருகின்றன. வாக்கியக் கடைசியில் வரும் ‘ல’ எதற்கு என்று தமிழில் கேட்டேன். வேலை முடிந்துவிட்டது, அல்லது நிலைமை மாறிவிட்டது என்று காட்டத்தான் என்று நம் ‘சாப்பிட்டாச்சு’, ‘மழை வந்துடுச்சு’ இரண்டையும் வைத்து விளக்கியது. அது ஒரே நிமிடத்தில் மனதில் உட்கார்ந்துவிட்டது.

மூன்றாவதுதான் வேலைக்குப் போகிறவர்களுக்கு முக்கியம். நமக்கு வேண்டிய சூழ்நிலையை நாமே அமைத்துக்கொள்ளலாம். “நீ பசை விற்கும் கம்பெனி ஆள். நீ அனுப்பிய பசையில் சோல் ஒட்டாமல் பிரிகிறது. நான் புகார் சொல்கிறேன், நீ பதில் சொல்” என்றால் உடனே ஆரம்பித்துவிடும். பாடப்புத்தகத்தில் விமான நிலையம், ஹோட்டல், பழக்கடை தாண்டி எதுவும் இருக்காது. தையல் மெஷினுக்குப் புத்தகத்தில் இருக்கும் சொல் ‘ஃபெங்ழென்ஜி’. ஷூ கம்பெனியில் யாரும் அப்படிச் சொல்ல மாட்டார்கள். ‘ஜென்ச்செ’ என்பார்கள், தையல் பிரிவுக்கே அதுதான் பெயர். கட்டிங் பிரிவு ‘சாய்துவான்’, லாஸ்டிங் பிரிவு ‘செங்ஷிங்’. கேட்டதும் இவை எல்லாவற்றையும் ஏஐ எடுத்துக் கொடுத்தது. பின்னால் எனக்குக் கிடைத்த நல்ல ஆசிரியைக்கே ஜென்ச்செ புதுச் சொல்லாக இருந்தது.

இவ்வளவும் நல்லது. ஆறு மாதம் தினமும் பேசினேன், சரளமாகப் பேசுகிறேன் என்றே நம்பினேன். அப்புறம்தான் அது நடந்தது.

எங்களிடம் லைனிங் துணி கொஞ்சம் மிச்சம் கிடந்தது. அதை வாங்கிக்கொள்வாரா என்று ஒரு சீன வியாபாரியிடம் போனில் கேட்க வேண்டும். அவர் வாங்குவார், விற்பார், இரண்டும் செய்கிறவர். முதல் நாள் ராத்திரி ஏஐயிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, பேச வேண்டியதைப் பத்துத் தடவை ஒத்திகை பார்த்தேன். பத்துத் தடவையும் சரியாகப் புரிந்துகொண்டு பதில் சொன்னது. மறுநாள் போனில் பேசினேன். அவரும் “சரி, சரி” என்றார். சாயங்காலம் மெயிலில் வந்தது அவருடைய லைனிங் துணிக்கான விலைப்பட்டியல்! விற்க வேண்டும் என்று சொல்ல நினைத்து, வாங்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன்.

சீனத்தில் வாங்குவதும் ‘மாய்’, விற்பதும் ‘மாய்’. டோன், அதாவது குரல் ஏறி இறங்கும் விதம், மட்டும்தான் வித்தியாசம். வாங்குவது மூன்றாம் டோன், குரல் அடியில் தங்கும். விற்பது நான்காம் டோன், மேலிருந்து வெட்டினாற்போல் கீழே விழும். நான் பேசியது இரண்டிலும் சேராத ஒரு டோன். அந்த வியாபாரியின் காதுக்கு அது வாங்குவதாகப் பட்டது. ஏஐக்கு மட்டும் பத்துத் தடவையும் எப்படி விற்பதாகப் பட்டது? நான் விற்கப்போகிறேன் என்பதை முன்கூட்டியே சொல்லி வைத்திருந்தேனே, அதனால்.

இந்த இடத்தைத்தான் என் தம்பியிடம் அழுத்திச் சொன்னேன். குரலில் பேசும் பல ஏஐ கருவிகள் முதலில் நாம் பேசியதை எழுத்தாக மாற்றுகின்றன, அப்புறம் அந்த எழுத்துக்குப் பதில் சொல்கின்றன. எழுத்தாக மாற்றும்போது, முன்னும் பின்னும் இருக்கும் பேச்சை வைத்து, இங்கே எந்தச் சொல் வர வாய்ப்பு அதிகம் என்று பார்த்துப் போட்டுக்கொள்கின்றன. நம் டோன் தப்பு அந்த இடத்திலேயே மறைந்துவிடுகிறது. பதில் சொல்லும் பகுதிக்கு நாம் தப்பாகச் சொன்னோம் என்பதே தெரியாது. ஒலியை நேராகவே வாங்கிக்கொள்ளும் புதிய கருவிகளும் வந்துவிட்டன. ஆனால் அவையும் நம்மைப் புரிந்துகொள்ளத்தான் பார்க்கின்றன, நம் ஒலியில் குற்றம் கண்டுபிடிக்க அல்ல. “என் டோன் சரியா?” என்று கேட்டால் பெரும்பாலும் “மிக நன்றாக இருந்தது” என்றுதான் சொல்லும். அந்தப் பாராட்டை நம்பாதீர்கள்.

இதை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். போன் கீபோர்டில் சீன மொழியைச் சேர்த்து, மைக்கை அழுத்தி, வாக்கியமாக இல்லாமல் ஒரே ஒரு சொல்லை மட்டும் சொல்லுங்கள். விற்பதற்கான மாய் பத்துத் தடவை, வாங்குவதற்கான மாய் பத்துத் தடவை. அது என்ன எழுத்தைப் போட்டாலும் பரவாயில்லை, போட்ட எழுத்தின் டோன் நாம் நினைத்ததுதானா என்று மட்டும் எண்ணுங்கள். ஊகிக்க முன்பின் பேச்சு எதுவும் இல்லாததால், அதற்குப் பெரும்பாலும் நம் குரல்தான் ஆதாரம். அன்று நான் செய்து பார்த்தபோது இருபதில் பதினொன்றுதான் சரி. ஆறு மாதம் தினமும் பேசிய பிறகு இந்த நிலைமை.

தமிழ் வாய்க்கு உள்ள சிக்கல்

டோன் எல்லா நாட்டாருக்கும் கஷ்டம். நமக்கென்று தனியாக இன்னொன்று இருக்கிறது, மூச்சு. சீன ஒலியை ரோமன் எழுத்தில் எழுதும் பின்யின் முறையில் பென் என்பதற்குப் போடும் ‘பி’ உண்டு, பஸ் என்பதற்குப் போடும் ‘பி’யும் உண்டு. பஸ்ஸின் ‘பி’யைப் பார்த்ததும் நாம் ஆங்கிலத்தில் பஸ் என்று சொல்வதுபோல் அழுத்திச் சொல்கிறோம். அது தப்பு. அந்த எழுத்துக்குச் சீனத்தில் உள்ள ஒலி, ‘பால்’, ‘பழம்’ என்று சொல்லும்போது வரும் நம் சொந்த ப. பென்னின் ‘பி’க்குத்தான் அதே ப-வோடு பலமாக மூச்சு விட வேண்டும். அந்த மூச்சு தமிழில் இல்லை, அதனால் நம் காதுக்கு அது கேட்பதும் இல்லை. த, க, ச எல்லாவற்றிலும் இதே கதை.

‘வயிறு நிறைந்தது’ என்பதில் வரும் பாவ், மூச்சில்லாத ப. ‘ஓடு’ என்ற பாவ், மூச்சோடு வரும் ப. டோன் இரண்டுக்கும் ஒன்றுதான். வயிறு என்பது ‘தூட்ஸ’, மூச்சு விட்டால் அதுவே முயல். வயிறு வலிக்கிறது என்று சொல்ல வேண்டிய இடத்தில் முயல் வலிக்கிறது என்று சொன்னால் டாக்டரும் ஒரு நொடி யோசிப்பார். மெல்லிய காகிதத் துண்டு ஒன்றை வாய்க்கு நேரே பிடித்துச் சொல்லிப் பழகச் சொன்னார் என் ஆசிரியை. ஓடு என்னும்போது காகிதம் ஆட வேண்டும், வயிறு நிறைந்தது என்னும்போது அசையக் கூடாது. வெறும் பில் தாளைக் கிழித்துத்தான் நான் பழகினேன்.

நமக்கு ஒரு கொடுப்பினையும் இருக்கிறது. ஆள் என்பதற்கான சொல்லின் முதல் ஒலியைப் பின்யினில் ‘ஆர்’ போட்டு எழுதுகிறார்கள். பல நாட்டுக்காரர்கள் அதில் திணறுகிறார்கள், நமக்கு அது கிட்டத்தட்ட ழ. ‘ழென்’ என்று சொன்னதும் ஆசிரியை முகத்தில் வந்த ஆச்சரியம் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் அதே ழ இன்னொரு இடத்தில் நம்மை ஏமாற்றும். தமிழ்ப் பெயர்களில் ழகரத்துக்கு ‘இசட் எச்’ போட்டுப் பழகியவர்கள் நாம். பின்யினில் அந்த ‘இசட் எச்’ நாக்கை மடித்துச் சொல்லும் ஜ மாதிரியான வேறு ஒலி. வகுப்பில் சேரும் ஒவ்வொரு தமிழரும் முதல் நாள் இதில் விழுகிறோம்.

இன்னொன்று, பின்யினைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி ஏஐயிடம் கேட்காதீர்கள். நான் இந்தக் கட்டுரையில் படிப்பவர் வசதிக்காகத் தமிழில் எழுதுகிறேன், படிப்புக்கு அது உதவாது. மூச்சுள்ள ப, மூச்சில்லாத ப இரண்டுக்கும் தமிழில் ஒரே எழுத்து, டோன் குறியும் போய்விடும்.

மனித ஆசிரியர்

லைனிங் துணி விஷயத்துக்குப் பிறகு ஆன்லைனில் ஓர் ஆசிரியையைப் பிடித்தேன். முதல் வகுப்பில் இரண்டு வாக்கியம் பேசினேன். “உங்களுக்கு நிறைய சொல் தெரிகிறது, ஆனால் நீங்கள் பேசுவதை நான் ஊகித்துத்தான் புரிந்துகொள்கிறேன்” என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனால் ஆறு மாதமாக யாராவது என்னிடம் சொல்லியிருக்க வேண்டிய வார்த்தை அது.

அடுத்த ஆறு வாரம் பேச்சே கிடையாது. இரண்டு அசைச் சொற்கள் மட்டும். நான்கு டோனையும் ஒன்றோடொன்று, அப்புறம் அழுத்தமில்லாமல் லேசாக வரும் மெல்லிய டோனோடு சேர்த்தால் இருபது ஜோடி வரும். ஒவ்வொரு ஜோடிக்கும் பத்துச் சொல். மூன்றாம் டோன் இரண்டு அடுத்தடுத்து வந்தால் முதலாவது இரண்டாம் டோனாக மாறும் என்பதைப் புத்தகத்தில் படித்திருந்தேன். வாய்க்கு வந்தது அந்த ஆறு வாரத்தில்தான். ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்துக்காரர்கள் உருவாக்கிய ‘பிராட்’ என்ற இலவச மென்பொருளைக் கணினியில் போடச் சொல்லி, அவர் குரலின் ஏற்ற இறக்கக் கோட்டையும் என்னுடையதையும் பக்கத்தில் பக்கத்தில் காட்டினார். என் நான்காம் டோன் பாதியிலேயே நின்றது கண்ணுக்கே தெரிந்தது.

செலவைச் சொல்ல வேண்டும். எனக்கு அரை மணி நேரத்துக்கு 450 ரூபாய் ஆனது. வாரம் இரண்டு, ஆறு வாரம் என்றால் 5,400 ரூபாய். ஷூ கம்பெனிச் சம்பளத்தில் இது சின்னத் தொகை இல்லை, தெரிந்துதான் சொல்கிறேன். நேரமும் ஒரு பிரச்சினை. சீனாவும் தைவானும் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் போகின்றன. நம் ராத்திரி எட்டு அவர்களுக்குப் பத்தரை. ஷிப்ட் முடித்து வீட்டுக்கு வந்து வகுப்பில் உட்காருவதற்குள் அவர்கள் தூங்கப் போகிற நேரம் ஆகிவிடும். சீனர்கள் பேசிக்கொள்ளும் ஆப்பான வீசாட் இந்தியாவில் 2020 ஜூனிலிருந்து தடையில் இருப்பதால், வீடியோ வசதி உள்ள கற்பிக்கும் தளங்கள் வழியாகத்தான் பார்க்க வேண்டும்.

லைனில் நிற்கும் சீனாக்காரர்

தம்பிக்கு இருக்கும் வசதி எனக்கு இருந்ததில்லை. தினமும் எட்டு மணி நேரம் பக்கத்திலேயே இரண்டு சீனர்கள். ஆனால் அவர்கள் வந்தது உற்பத்திக்கு, பாடம் நடத்த அல்ல. நாம் தடுமாறினால் உடனே போனை எடுத்து மொழிபெயர்ப்பை நீட்டிவிடுவார்கள். டீ டைமில் பத்து நிமிடம் கேட்டால் யாரும் மறுப்பதில்லை, அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

அந்தப் பத்து நிமிடத்தில் கிடைப்பது ஏஐயிடம் கிடைக்காது. ஏஐ பேசுவது செய்தி வாசிப்பவர் பேசும் சீனம். ஷூ தொழில்காரர்கள் பெரும்பாலும் தெற்கிலிருந்து, ஃபுஜியான், குவாங்டோங், தைவானிலிருந்து வருகிறார்கள். நாக்கு மடித்துச் சொல்லும் ‘ஷ’ அவர்கள் வாயில் வெறும் ‘ஸ’ ஆகிவிடும். அப்போது பத்து என்பதும் நான்கு என்பதும் டோன் தவிர ஒன்றுபோலவே கேட்கும். நாற்பது ஜோடியா, பதினான்கு ஜோடியா என்று குழம்பினால் ஒரு நாள் கணக்கு போய்விடும். அதனால்தான் அவர்கள் விரலையும் காட்டுகிறார்கள். கட்டை விரலும் சுண்டு விரலும் நீட்டினால் ஆறு, இரண்டு ஆள்காட்டி விரலைக் குறுக்கே வைத்தால் பத்து.

எங்கள் கம்பெனிக்கு ஒருமுறை வந்த டெக்னீஷியன் ஜின்ஜியாங்காரர். ஷூவுக்குப் பேர்போன ஊர், சுவான்சோ நகர நிர்வாகத்தில் சேர்ந்தது. அந்தச் சுவான்சோவில்தான் 1281-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. அங்கே சிவன் கோயில் எழுப்பிய தமிழ் வணிகர்கள் விட்டுப்போனது, சீன எழுத்தும் அதில் இருக்கிறது. என் அரைகுறைச் சீனத்தில் அதை அவரிடம் சொன்னேன். நான் சொன்னது புரியாமல் இரண்டு தடவை திருப்பிக் கேட்டார், புரிந்ததும் உடனே வீட்டுக்குப் போன் போட்டு யாரிடமோ சொன்னார். அவர் திருப்பிக் கேட்ட அந்த இரண்டு தடவையில், என் உச்சரிப்பில் எது பிசகுகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

என் முடிவு

பலரும் சொல்லும் வரிசை இது: முதலில் ஏஐயிடம் இலவசமாகப் பழகு, தேறியபின் ஆசிரியரிடம் போ. எனக்கு இது தலைகீழாகப் படுகிறது. டோனும் மூச்சும் முதல் இரண்டு மாதத்தில் படிகின்றன. தப்பாகப் படிந்ததை ஆறு மாதம் தினமும் ஓட்டி உறுதியாக்கினால், பிறகு உடைப்பது பெரிய பாடு. காசு செலவழிக்க வேண்டிய இடம் ஆரம்பம். முதல் ஆறு வாரம் ஆசிரியர். வாயில் டோன் நின்றபின் தினமும் அரை மணி நேரம் ஏஐ, பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஆசிரியர். அப்போது ஏஐயின் பலம் முழுதும் நமக்குக் கிடைக்கும், அதன் குறை நம்மைத் தொடாது.

எல்லாருக்கும் இதே கணக்கு இல்லை. மருத்துவம் படிக்கச் சீனா போகிற பிள்ளைகளுக்கு எச்.எஸ்.கே. என்ற சீன மொழித் தேர்வின் நான்காம் நிலை முக்கியம், பழைய பாடத்திட்டப்படியே 1,200 சொல் வேண்டும். அவர்களுக்கு ஒழுங்கான வகுப்பும் வேண்டும். இன்னும் மூன்று வாரத்தில் குவாங்சோவுக்குச் சரக்கு பார்க்கப் போகிறவர் டோனில் உட்கார நேரமில்லை. ஏஐயிடம் ஐம்பது வாக்கியம் ஒத்திகை பார்த்துக்கொண்டு, எண்களை மட்டும் கால்குலேட்டரில் காட்டிக்கொள்ளட்டும்.

ஏஐயிடம் பேசும்போது நான் இப்போது கடைப்பிடிப்பது சில. நேரடி உரையாடல் முறையில், நாம் யோசிக்க ஒரு நொடி நின்றால் பேச்சு முடிந்தது என்று எடுத்துக்கொண்டு நடுவில் புகுந்துவிடும். அதனால் அழுத்திப் பிடித்துப் பதிவு செய்து அனுப்பும் முறையில்தான் பேசுகிறேன். “என் ஒவ்வொரு பேச்சுக்கும் ஒரே ஒரு திருத்தம் சொல், பாராட்டாதே, எச்.எஸ்.கே. மூன்றாம் நிலைச் சொற்களைத் தாண்டாதே” என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலக்கணத் திருத்தத்தை எடுத்துக்கொள்கிறேன், டோன் பற்றிச் சொன்னால் விட்டுவிடுகிறேன். பையரின் பெயர், விலை, ஆர்டர் எண்ணிக்கை எதையும் உள்ளே சொல்வதில்லை.

இத்தனையும் கேட்டபின் தம்பி போனை எடுத்து, சீன கீபோர்டைப் போட்டு, நான் சொல்லிக்கொடுத்த நான்காம் டோன் மாயைப் பத்துத் தடவை சொன்னான். எண்ணிப் பார்த்துவிட்டு, “நாலுதான் சரியா வந்துது அக்கா” என்றான். அங்கேயே உட்கார்ந்து, புதன்கிழமை ராத்திரி ஏழு மணிக்கு ஓர் அரை மணி நேர வகுப்புக்குப் பதிவு செய்தான். முதல் வகுப்புக்கு நான் பணம் கட்டினேன். ரெண்டாவதிலிருந்து அவன் கட்டுவான்.